கிளம்பாத வண்டி: மின்சாரக் கோளாறைக் கண்டறிவது எப்படி?



சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறோம். இது வண்டி ஓட்டுகிற ஆண்களுக்கான பேச்சு என்று எண்ணி வீட்டிலுள்ள தாய்மார்கள் எழுந்து போய்விட வேண்டாம். கேமரன் மலையில் ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோ வண்டிகள்தாம் இருக்கும். அது கிளம்பாவிட்டால் கவலை வண்டிக்காரர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். நடு இரவில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால், வடகோடியில் புளூ வேலியிலிருந்தும் தெற்கே ரிங்லெட் பக்கத்திலிருந்தும் வளைந்து வளைந்து போகிற மலைச்சாலையில்தான் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஊமையாக நின்றால், அருகில் இருப்பவர் யாராயிருந்தாலும் நான்கு காரியம் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. 999ஐ அழைத்துவிட்டுச் சும்மா காத்திருக்கிற நேரத்திலேயே இதைச் செய்யலாம்.

பணச் செலவும் இதில் இருக்கிறது. வண்டி கிளம்பவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, சம்பளப் பணத்தில் புதுப் பேட்டரி வாங்கி மாட்டுகிறோம். இரண்டு நாள் ஓடும்; மூன்றாம் நாள் பழைய கதைதான். குற்றம் பேட்டரியில் இல்லை, அதன் தலையில் மாட்டியிருக்கிற பிடியில் பூத்த வெள்ளைப் பூஞ்சையில் இருந்திருக்கும். சமையல் சோடாவும் வெந்நீரும் செய்ய வேண்டிய வேலைக்குப் புதுப் பேட்டரி விலையைக் கொடுத்திருப்போம்.

முதலில் வண்டிக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கூடை நிறைந்ததும் நிறுவைக் கொட்டகைக்கு வருகிறார்கள். நிறுத்துக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு மலைக்குத் திரும்புகிறார்கள். போகிற பாதை நன்றாக இருந்து, திரும்புகிற பாதையில் மண் சரிந்து கிடந்தால் என்ன ஆகும்? சிறிது நேரத்தில் வேலையே நின்றுவிடும். மின்சாரமும் அப்படித்தான். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, விளக்கிலோ மோட்டாரிலோ வேலையை முடித்து, மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வீட்டு விளக்குக்குப் போக ஒரு கம்பியும் வர ஒரு கம்பியும் இருக்கின்றன. வண்டியில் போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பும் பாதை வண்டியின் இரும்பு உடம்பேதான். அதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். மின்சாரக் கோளாறு பார்ப்பவர்கள் பலரும் போகிற கம்பியையே தடவிக்கொண்டிருப்பார்கள். திரும்புகிற பாதையை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

நம்முடைய மலையில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் கேமரன் மலையின் சொந்த வண்டி என்று சொல்லத்தக்கது பழைய லேண்ட் ரோவர்தான். காய்கறித் தோட்டத்து மண் பாதையிலும் தேயிலைச் சரிவிலும் அது ஏறி இறங்குவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இது முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம் இருந்ததால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும் இரும்பு. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி 2016ஆம் ஆண்டு ஜனவரியில்தான் ஆலையை விட்டு வெளியே வந்தது. அலுமினியம் இரும்பைப் போல் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அலுமினியமும் இரும்பும் சேருகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். எர்த் கம்பியைத் திருகியிருக்கிற இடமும் பெரும்பாலும் அதுவேதான். பொடிக்குள் மின்சாரம் புகாது. ஒரு பக்க விளக்கு மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்குவது, இவையெல்லாம் அந்தப் பொடியின் வேலை. ஆங்கில வண்டிகளுக்கு மின்சாரச் சாமான் செய்து கொடுத்த லூக்காஸ் கம்பெனியை ‘இருளின் இளவரசன்’ என்று வெள்ளைக்காரர்களே கேலி பேசியதுண்டு. அந்தக் கேலியில் பாதிக்குக் காரணம் எர்த் என்பதே நமது கருத்து. அதே லூக்காஸும் நம் டி.வி.எஸ். நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1961இல் சென்னையில் தொடங்கிய தொழில், ஸ்டார்ட்டர்களையும் ஆல்டர்னேட்டர்களையும் செய்து வருகிறது.

இனி நோயைப் பார்ப்போம். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றின் பக்கம் குற்றம். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பொறி, அல்லது எண்ணெய். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, எஞ்சின் சுற்றாத வண்டியில் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பவர்களை நாம் பார்க்கிறோம். பல்வலிக்காரனுக்குக் காலில் எண்ணெய் தடவுவது போன்றது அது.

எஞ்சின் சுற்றவில்லையா? முன் விளக்கைப் போடுங்கள். ஒருவர் முன்னே நின்று விளக்கைப் பார்க்கட்டும், இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். வண்டிக்கு எதிரே நேராக நிற்காமல் ஓரமாக நிற்பது நல்லது. கியர் நடுவில் இருக்கிறதா, கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள். விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் பேட்டரி அடியோடு இறங்கியிருக்கிறது, அல்லது கேபிள் பிடி விட்டிருக்கிறது. விளக்கு பிரகாசமாக எரிந்து, சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ சத்தத்தோடு அடியோடு அணைந்துபோனால், பிடியில் அழுக்கு என்று முதலில் சந்தேகப்படலாம். விளக்குக்கு வேண்டியது சொற்ப மின்சாரம். ஸ்டார்ட்டருக்கு வேண்டியதோ நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர். குறுகிய இடுக்கில் ஒரு ஆள் நுழையலாம், பெரட்டுக்கு நிற்கிற கூட்டம் முழுதும் நுழைய முடியுமா? விளக்கு மெல்ல மெல்ல மங்கி, ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் பலம் இல்லை. விளக்கு சிறிதும் மங்காமல் அப்படியே எரிந்து, எஞ்சினும் அசையவில்லை என்றால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை. அப்போது சாவிச் சுவிட்சையும் சொலினாய்டையும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் ‘பி’யில் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள், ‘என்’னுக்கு மாற்றியும் திருப்பிப் பாருங்கள். அந்த ஒரு காரியத்தில் கிளம்பிவிட்ட வண்டிகள் அநேகம்.

பிடியில் அழுக்கு என்று தோன்றினால் அதைக் கையாலேயே அறியலாம். சாவியை நாலைந்து விநாடி திருப்பிப் பார்த்துவிட்டு, சாவியை அணைத்தபின் பேட்டரியின் இரண்டு பிடிகளையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் எங்கே முட்டிக்கொண்டு போகிறதோ அங்கே சூடு பிறக்கும். சூடான பிடியே குற்றவாளி. மீட்டர் வைத்திருக்கிற இளைஞர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பேட்டரியின் ஈயத்தலையில் ஒரு முனை, அதை அணைத்திருக்கிற பிடியில் மறுமுனை வைத்து, எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே மின்சாரம் வீணாகிறது.

பேட்டரியின் உடல்நிலையையும் மீட்டர் சொல்லும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் அளந்தால் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 அளவிலேயே நிற்கிறதென்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஓடும்போதும் 12தான் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

மலைக் குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்று நம்மவர்கள் சொல்வார்கள். நாம் அதை முழுதும் ஒப்புவதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. தண்ணீர் உறைகிற நாடுகளில் பேட்டரியின் பலம் மிகவும் குறையும். இங்கே குறைவது சொற்பம். உண்மையில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது தாப்பாவிலும் ஈப்போவிலும் அடிக்கிற வெயில்தான். மலையில் வண்டிக்குப் பகை ஈரம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

பிடியைச் சுத்தம் செய்யும் முறை இது. கையிலுள்ள மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரிக்கு அருகில் பீடி, சுருட்டு, தீக்குச்சி எதுவும் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வருகிற ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடித்து, அமிலத்தை முகத்தில் அடிக்கும். வண்டியின் உடம்போடு கட்டியிருக்கிற கேபிளை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இப்போதைய வண்டிகளில் அது மைனஸ். ஆனால் ஏறக்குறைய 1967க்கு முந்திய லேண்ட் ரோவர்களில் பிளஸ்தான் உடம்போடு கட்டப்பட்டிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வெள்ளைப் பூஞ்சை நுரைத்துக்கொண்டு போய்விடும். சோடா நீர் அறைகளுக்குள் போகக்கூடாது. ஈயத்தலை பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பிடியை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவிவிடுங்கள்.

எர்த்தைச் சோதிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக எஞ்சினின் கனத்த இரும்பில் கடிக்க வையுங்கள். இப்போது எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றினால் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நோய் இல்லை. எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே இருக்கிற பின்னல் கம்பி அறுந்தோ அரித்தோ போயிருக்கும். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பின்னல்தான் அதற்குத் திரும்பும் பாதை. மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் இப்போது ஈரத்தைப் பற்றிப் பேசலாம். பெட்ரோல் எஞ்சினில் 12 வோல்ட் மின்சாரத்தை பதினையாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாகப் பெருக்கித் தருவது காயில். ஒரு கம்பிச் சுருளில் ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் துள்ளி எழும் என்று 1831இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. பழைய வண்டியில் அந்த ‘சட்டென்று நிறுத்தும்’ வேலையைச் செய்வது பாயிண்ட். எழுந்த மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் நேர்வழியே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. எளிய வழி கிடைத்தால் அதில் ஓடிவிடும். இரவெல்லாம் மூடுபனியில் நின்ற வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வியர்த்திருக்கும். அந்த ஈரப் படலமே எளிய வழி. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி மூடியின்மேல் ஊர்ந்து மறைந்துவிடும்.

இதை இருட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். விளக்குகளை அணைத்துவிட்டு, முன்மூடியைத் திறந்து வைத்து, எதையும் தொடாமல் விலகி நின்று எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். கம்பிகளின் மேலும் மூடியைச் சுற்றியும் நீலமாகச் சிறு மின்னல் ஊர்ந்தால் வழி தவறுகிற இடம் அதுதான். சாவியை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். காயில் கழுத்தையும் பிளக் கம்பிகளையும் துடையுங்கள். மூடிக்குள் பென்சிலால் கோடு போட்டாற்போல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் பொறி அங்கே பாதை வெட்டிவிட்டது. துடைத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு மூடியை மாற்றுங்கள். ஈரத்தை விரட்டும் தெளிப்பு எண்ணெய் ஒரு குப்பி வண்டியில் இருந்தால் நல்லது. ஆனால் தெளித்த உடனே சாவியைத் திருப்ப வேண்டாம், ஆவி அடங்கட்டும்.

துடைத்தும் பற்றவில்லையா? பாயிண்டின் இரண்டு முகங்களும் கருகியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய அரத்தால் தேய்த்து, முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இதற்கென்று தகடுகள் கடையில் கிடைக்கின்றன. இத்தனையும் பழைய வண்டிக்குத்தான் பொருந்தும். பாயிண்ட் இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் பொறி தருகிற பிற்காலத்துக் கார்களில் பிளக் கம்பியைப் பிடுங்கிப் பொறி பார்க்க வேண்டாம். கையையும் அடிக்கும், உள்ளிருக்கிற மின்னணுப் பெட்டியையும் கெடுக்கும். அவற்றில் சாவியை ‘ஆன்’ செய்ததும் பின்பக்கத்தில் எண்ணெய்ப் பம்பு இரண்டு விநாடி ‘உம்’ என்று இரைகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இரையவில்லை என்றால் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். பூட்டுப் படமோ சாவிப் படமோ விடாமல் மினுக்கினால் சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேறு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

டீசல் வண்டியில் பொறியே கிடையாது. காலைக் குளிரில் அதைப் பற்றவைப்பது ஹீட்டர் பிளக். பழைய லேண்ட் ரோவர் டீசலில் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருப்பார்கள். தீபாவளிக்கு வாசலில் தொங்கவிட்ட பழைய சர விளக்கில் ஒரு பல்பு போனால் சரமே அணைந்துவிடும் அல்லவா? அதே கதைதான் இங்கும். ஒன்று எரிந்துபோனால் நான்கும் குளிர்ந்துவிடும். சாவியால் அணைகிற டீசல் வண்டியாக இருந்தால் பம்பின்மேல் எண்ணெயைத் திறந்து மூடுகிற சிறிய சொலினாய்டு ஒன்று இருக்கும். அதன் ஒற்றைக் கம்பி அதிர்வில் கழன்று விழுந்துவிட்டால், எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் பற்றாது. விரலால் மாட்டிவிட்டால் கிளம்பிவிடும். எலி கம்பியைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். லயத்துப் பக்கம் நிற்கிற வண்டிகளுக்கு அதுவும் உண்டு.

அவசரத்தில் வண்டியைத் தள்ளிக் கிளப்புவது நம் மலையில் வழக்கம். இதில் ஆபத்து அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். எஞ்சின் ஓடாதபோது பல வண்டிகளில் பிரேக்குக்குத் துணைப் பலம் கிடையாது. இரண்டு மூன்று மிதியில் மிதி கல்லாகிவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே தேயிலைச் சரிவில் செங்குத்தான இறக்கத்தில் வண்டியை உருட்டிவிடாதீர்கள். சமதரையில், அல்லது மிகச் சிறிய இறக்கத்தில், சாவியை ‘ஆன்’ செய்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்து வைத்து, நடை வேகத்துக்கு மேல் வந்ததும் கிளட்சை விடுங்கள். முன்னால் ஆள் நிற்கக்கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது, முயல வேண்டாம். பழைய லேண்ட் ரோவரில் கைப்பிடி போட்டுச் சுற்றுகிறவர்கள் கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்த கட்டை விரல் முறிந்துவிடும். அப்படிக் கை முறிந்த கதைகளைக் கேட்டுக் கேட்டே அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது.

பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்குவதாயிருந்தால் இரண்டும் 12 வோல்ட்தானா, இரண்டிலும் மைனஸ்தான் உடம்போடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். அதன் மறுமுனை கிளம்பாத வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்கு எட்ட. கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும் என்பதால்தான் அதைப் பேட்டரியிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறோம். கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

பியூஸ் எரிந்து கிடந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பியூஸ் போனால் சொற்பக் காசுதான் நட்டம். வெள்ளித்தாள் எரியாமல் கம்பி எரிந்தால் வண்டியே போய்விடும், உள்ளே ஆள் இருந்தால் அவரும். அதே அளவுள்ள புதுப் பியூஸும் உடனே எரிந்துவிட்டால் எங்கோ கம்பி உடம்போடு உரசுகிறது என்று பொருள். மூன்றாவது பியூஸ் போடுவதற்கு முன் அந்த இடத்தைத் தேடுங்கள்.

எதுவும் பலிக்காமல் பட்டறைக்குத்தான் தொலைபேசி செய்ய வேண்டியிருந்தால், “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் சுற்றுகிறதா, சத்தம் ஒரு டிக்கா பல டிக்கா, முன் விளக்கு அணைந்ததா மங்கியதா அப்படியே இருந்ததா, பிடி சூடாக இருந்ததா, மீட்டர் என்ன காட்டியது என்று சொல்லுங்கள். ரிங்லெட்டிலிருந்தோ பிரிஞ்சாங்கிலிருந்தோ புறப்பட்டு வருகிறவர் எந்தச் சாமானை எடுத்து வர வேண்டும் என்பதை அந்தப் பதிலிலிருந்தே தெரிந்துகொள்வார். தோட்டத்துக்கு இரண்டாம் தடவை ஏறி வர வேண்டியிராது.